சிவப்பு எண்ணெயின் இரட்டை வேலை

பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கியவர் காதில் சீக்கிரமே விழும் அறிவுரை இது: "எஞ்சின் ஆயிலை மாத்துங்க, கூலன்ட்டை மாத்துங்க. கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் தொடாதீங்க. தொட்டா கியர்பாக்ஸ் போயிடும்." சொல்பவர் பெரும்பாலும் அனுபவமுள்ள மெக்கானிக்காகவே இருப்பார். அப்படிப் போன கியர்பாக்ஸ்களைக் கண்ணால் பார்த்தும் இருப்பார். அந்த அறிவுரையில் ஓர் உண்மை இருக்கிறது, அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டுமானால், அந்தச் சிவப்பு எண்ணெய் உள்ளே என்னதான் செய்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

கையால் கியர் மாற்றும் காரில் கியர்பாக்ஸ் ஆயிலின் பொறுப்பு எளிது: பற்சக்கரங்களும் பேரிங்குகளும் தேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சினைச் சக்கரங்களோடு இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் பிளேட் எண்ணெய் படாத தனி அறையில் உலர்ந்து கிடக்கிறது. அதில் எண்ணெய் பட்டால் கிளட்ச் வழுக்கிவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் நிலைமை தலைகீழ். அங்கே கிளட்ச் பிளேட்டுகள் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கின்றன. எஞ்சினின் சக்தியைக் கடத்துவதும் அந்த எண்ணெய்தான், எந்த கியர் விழ வேண்டும் என்ற உத்தரவை அழுத்தமாக மாற்றிக் கொண்டுசெல்வதும் அதுதான், உள்ளே பிறக்கும் வெப்பத்தைச் சுமந்து ரேடியேட்டருக்குப் போவதும் அதுதான். ஏடிஎஃப் என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்தத் திரவத்தை மசகு எண்ணெய் என்று மட்டும் நினைப்பதிலிருந்துதான் குழப்பங்கள் தொடங்குகின்றன. என் பார்வையில் அது கியர்பாக்ஸின் உதிரிபாகங்களில் ஒன்று. திரவ வடிவில் இருக்கும், தேயக்கூடிய உதிரிபாகம்.

சக்தியைக் கடத்தும் வேலை டார்க் கன்வெர்ட்டரில் நடக்கிறது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு சக்கரம் தன் இதழ்களால் எண்ணெயை வாரி எதிரே வீசுகிறது. எதிரே இருக்கும் இன்னொரு இதழ்ச் சக்கரம் அந்த வீச்சை வாங்கிக்கொண்டு சுழல்கிறது. இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு எதுவும் நடுவில் இல்லை. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தது கார் அல்ல, கப்பல். வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு எப்படி இணைப்பது என்பதுதான் அவர் எதிர்கொண்ட கேள்வி. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே மூன்றாவதாக ஓர் இதழ்ச் சக்கரத்தை வைத்து, திரும்பி வரும் எண்ணெயின் திசையை மடைமாற்றினால் முறுக்குவிசை கூடுகிறது என்பது அவர் கண்ட நுட்பம். கார்களில் இந்தப் பெருக்கம், வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். விலையும் உண்டு. இரு சக்கரங்களின் வேகத்துக்கும் இடையே வித்தியாசம் இருக்கும்போதெல்லாம் சக்தியின் ஒரு பகுதி எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. சிக்னலிலும் நெரிசலிலும் நின்று நின்று நகரும் காரில் இந்த எண்ணெய் அதிகம் சூடாவது அதனால்தான்.

அழுத்தத்தைக் கடத்தும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஞ்சினால் ஓடும் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி வால்வு பெட்டிக்கு அனுப்புகிறது. விரல் தடிமனுள்ள உலோக வால்வுகள் தங்கள் துளைகளுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து, எந்தக் கிளட்சுக்கு அழுத்தம் போக வேண்டும் என்று வழி திறக்கின்றன. வால்வுக்கும் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி மிகமிக நுண்ணியது. ஒரு துணுக்கு நூல் போதும், வால்வு சிக்கிக்கொள்ள. எண்ணெய் மாற்றும்போது இந்த ஒரு விவரத்தை மறக்கவே கூடாது. பின்னால் மீண்டும் சொல்கிறேன்.

உண்மையான அதிசயம் நான்காவது வேலையில், கிளட்சின் உராய்வைக் கையாள்வதில் இருக்கிறது. கிளட்ச் என்று நாம் சொல்வது பல தட்டுகள் அடுக்கிய ஒரு கட்டு. ஒன்றுவிட்டு ஒன்று வெறும் எஃகுத் தட்டு. இடையிடையே இருக்கும் தட்டுகளின் மேல் ஒரு பூச்சு ஒட்டப்பட்டிருக்கும். பூச்சு என்ன? காகிதம். நார்களை ரெசினில் ஊறவைத்து இறுக்கிய, நுண்துளைகள் நிறைந்த காகித வகை. ஒன்றரை டன் காரை இழுத்துச் செல்லும் விசை முழுவதும் இந்தக் காகிதத்துக்கும் எஃகுக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் வழியாகத்தான் போகிறது. கியர் மாறும்போது, வேறுவேறு வேகத்தில் சுழலும் தட்டுகளை எண்ணெய் அழுத்தம் ஒன்றோடொன்று நெருக்குகிறது. முதலில் அவை வழுக்க வேண்டும், பிறகு படிப்படியாகப் பிடிக்க வேண்டும், கடைசியில் ஒரே தட்டு போல இறுக வேண்டும். இவ்வளவும் ஒரு நொடிக்குள். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும் என்ற இந்த இரட்டைக் கட்டளையை வேறெந்த மசகு எண்ணெய்க்கும் இவ்வளவு கடுமையாக நாம் இடுவதில்லை.

சாதாரண எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? இரண்டு பரப்புகள் உரசும்போது, வேகம் குறையக் குறைய உராய்வு கூடுவதுதான் பொதுவான இயல்பு. அப்படிக் கூடினால் தட்டுகள் கடைசிக் கணத்தில் பற்றும், விடும், மறுபடி பற்றும். கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவது இதே நிகழ்வுதான். காரில் அது கிறீச்சாக இல்லாமல், சாலையில் வரிவரியாகக் கோடு போட்ட இடத்தில் ஓடுவது போன்ற நடுக்கமாக வெளிப்படும். இதைத் தடுக்க ஏடிஎஃப்பில் உராய்வைச் சீரமைக்கும் வேதிப்பொருள்கள் கலக்கப்படுகின்றன. அவை நீளமான மூலக்கூறுகள். ஒரு முனை எஃகில் ஒட்டிக்கொள்ளும்; மறுமுனை வால் போல எண்ணெய்க்குள் நீட்டி நிற்கும். தட்டுகள் நெருங்கி, நடுவிலிருந்த எண்ணெய் பிதுங்கி வெளியேறிய பிறகும், இந்த மூலக்கூறுப் படலம் அங்கேயே இருந்து கடைசிக் கணத்தின் உராய்வைத் தணிக்கிறது. அளவு குறைந்தால் நடுக்கம். அளவு மிஞ்சினால் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கிச் சூடாகிக் கருகும். அந்த மெல்லிய நடுக்கோட்டில் நடக்கிறது ஏடிஎஃப்.

கோடு எங்கே என்பதில் நிறுவனங்களுக்குள்ளேயே ஒற்றுமை இருந்ததில்லை. பெருமளவில் உற்பத்தியான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான ஹைட்ராமேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 1940 மாடலுக்குக் கொடுத்தது. அதற்கென ஒரு தர அளவுகோல், 'டைப் ஏ' என்ற பெயரில், 1949இல்தான் வந்தது. 1967இல் அதே நிறுவனம் டெக்ஸ்ரான் என்ற தரத்தைக் கொண்டுவந்தது. அது உராய்வுச் சீரமைப்பி நிறைந்த, மென்மையான கியர் மாற்றத்தைத் தரும் எண்ணெய். அதே காலத்தில் ஃபோர்டின் 'டைப் எஃப்' எண்ணெயோ அந்தச் சீரமைப்பிகளைத் தவிர்த்து, கிளட்ச் சட்டென்று கவ்வும்படி வடிவமைக்கப்பட்டது. இரண்டும் சிவப்பு, இரண்டும் ஒரே மாதிரி வாசனை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் கியர்பாக்ஸ் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சிவப்பு என்பது வெறும் சாயம்தான். கீழே சொட்டும் எண்ணெய் எஞ்சினுடையதா கியர்பாக்ஸுடையதா என்று அடையாளம் காட்டுவதற்காகச் சேர்ப்பது. அந்த நிறம் தரத்துக்குச் சான்று ஆகாது.

இந்தச் சீரமைப்பியின் வரலாற்றில் மனத்தை உறுத்தும் ஓர் அத்தியாயம் உண்டு. பல்லாண்டுகள் அமெரிக்க ஏடிஎஃப்பில் அந்த வேலையைச் செய்தது எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து எடுத்த எண்ணெய். மெழுகு போன்ற அதன் நீண்ட மூலக்கூறுகள் எஃகில் ஒட்டிக்கொள்வதிலும் வெப்பத்தைத் தாங்குவதிலும் ஈடு இணையற்றவையாக இருந்தன. அழியும் நிலைக்கு வந்துவிட்ட அந்தத் திமிங்கிலத்தைக் காக்க 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதன் எண்ணெய்க்குத் தடை போட்டது. வேதியியலாளர்கள் அவசர அவசரமாகச் செயற்கை மாற்றுகளைத் தேட வேண்டியிருந்தது. அதே வகை மெழுகு மூலக்கூறுகளைத் தன் விதையில் வைத்திருக்கும் ஹொஹோபா என்ற பாலைவனச் செடியின் பக்கமும் ஆய்வாளர்களின் பார்வை திரும்பியது. கடலின் ஆழத்தில் வாழ்ந்த ஓர் உயிரைக் கொன்று கார் குலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தோம். அந்த நாட்கள் முடிந்தது நல்லதே.

சரி, இவ்வளவு நுட்பமாகக் கலந்த எண்ணெய் ஏன் கெடுகிறது? முதல் காரணம் வெப்பம். எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரியும் வேகம், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் தோராயமாக இரட்டிப்பாகிறது என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கைக்கணக்கு. அதன்படி 90 டிகிரியில் ஓடும் எண்ணெய் 120 டிகிரிக்கு ஏறினால் எட்டு மடங்கு வேகமாகக் கெடும். மலைப்பாதையில் பாரத்தோடு ஏறுவதும், கோடைப் பகலில் நெரிசலில் ஊர்வதும் இப்படித்தான் ஆயுளைத் தின்கின்றன. கெட்ட எண்ணெயிலிருந்து பிசின் போன்ற ஒரு படலம் பிரிந்து வால்வுகளில் படிகிறது. இரண்டாவது காரணம் பற்சக்கரங்களும் பம்பும். சூடானாலும் எண்ணெய் நீர்த்துப்போகாமல் இருக்கச் சேர்க்கும் நீண்ட பாலிமர் இழைகளை அவை நசுக்கி நசுக்கித் துண்டாக்குகின்றன. மூன்றாவது, கிளட்ச் தட்டுகளின் காகிதத் தூளும் உலோகத் தூளும். இவை எதுவுமே எண்ணெயின் அளவைக் குறைப்பதில்லை. டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கும். எண்ணெய்தான் பழைய எண்ணெயாக இருக்காது.

இப்போது அந்த அறிவுரைக்கு வருவோம். பெரும்பாலானோர் கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி நினைப்பது எப்போது? கியர் விழத் தாமதமாகும்போதும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் உறுமி வண்டி நகராமல் இருக்கும்போதும்தான். அதற்குள் காகிதப் பூச்சு தேய்ந்து போயிருக்கும். அந்த நிலையில் ஆயிலை மாற்றுவார்கள். அடுத்த சில நாட்களில் வண்டி நின்றுவிடும். பழி புது ஆயில் மேல் விழும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பனம்பழம் எப்படியும் விழத்தான் போகிறது.

ஆனால் அறிவுரையில் உள்ள உண்மையையும் மறைக்கக் கூடாது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் கிளட்சுக்குப் புது எண்ணெயின் வீரியமான உராய்வுச் சீரமைப்பி பாதகமாகலாம். பிடிமானம் இன்னும் கொஞ்சம் குறையும். பல ஆண்டுகள் படிந்த கசடை இயந்திர அழுத்தத்தால் கழுவித் தள்ளும் முறையில், அது பெயர்ந்து போய் வால்வுத் துளையில் அடைத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே என் தீர்ப்பு இது: கியர் ஒழுங்காக மாறுகிறது, எண்ணெய் பழுப்பாக இருந்தாலும் கருகிய நாற்றம் இல்லை என்றால், எத்தனை ஆண்டு பழைய காராக இருந்தாலும் எண்ணெயை மாற்றலாம், மாற்ற வேண்டும். கியர் வழுக்குகிறது, எண்ணெய் கறுத்துக் கருகல் வீசுகிறது என்றால் ஆயில் அதற்கு மருந்தல்ல. கியர்பாக்ஸைப் பிரிக்கத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோய், செலவை முதலில் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். டிப்ஸ்டிக்கில் வருவது பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பாக இருந்தால் விஷயமே வேறு. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரில் ஓட்டை விழுந்து கூலன்ட் கலந்துவிட்டது. கூலன்ட் அந்தக் காகிதப் பூச்சின் பசையைக் கரைத்துவிடும். அந்தக் காரை ஓட்டக்கூட வேண்டாம், இழுத்துச் செல்வதே நல்லது.

வீட்டிலேயே மாற்றுவதற்கு உகந்த கார் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். 1996 முதல் 2000 வரை வந்த ஹோண்டா சிவிக்கை எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தலைமுறை இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. சிவிக் என்ற பெயரே இங்கே 2006இல்தான் வந்தது. ஆனால் மலேசியாவிலும் கனடாவிலும் இலங்கையிலும் அதை ஓட்டிய தமிழர்கள் ஏராளம். ஹோண்டாவின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உலக வழக்கத்திலிருந்து விலகியது. மற்றவர்கள் நடுவில் ஒன்றும் அதைச் சுற்றிச் சிலவுமாகப் பற்சக்கரங்களை அடுக்க, ஹோண்டா 1968இல் என்360 காரில் தொடங்கி, கையால் மாற்றும் கியர்பாக்ஸைப் போலவே இணைத் தண்டுகளில் பற்சக்கரங்களைக் கோத்தது. நமக்கு இங்கே முக்கியமானது வேறு. இந்தக் கியர்பாக்ஸின் அடியில் கழற்ற வேண்டிய எண்ணெய்த் தட்டு கிடையாது, நாமாக மாற்றக்கூடிய வடிகட்டியும் கிடையாது. ஒரு டிரெய்ன் போல்ட், ஒரு டிப்ஸ்டிக், அவ்வளவே.

இந்த காரின் கியர்பாக்ஸ் மொத்தம் 5.9 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். போல்ட்டைத் திறந்தால் வெளியே வருவது 2.7 லிட்டர். மீதி 3.2 லிட்டர் டார்க் கன்வெர்ட்டரிலும் கிளட்ச் உருளைகளிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. பழைய மெர்சிடிஸ் கார்கள் சிலவற்றில் டார்க் கன்வெர்ட்டருக்கே தனியாக ஒரு டிரெய்ன் போல்ட் உண்டு. அந்த நல்ல வழக்கம் ஏனோ பரவவில்லை. ஆகவே ஒரு முறை வடித்து ஊற்றினால் 46 சதவீதம்தான் புது எண்ணெய். வண்டியை ஓட்டி, உள்ளே இருப்பதோடு நன்றாகக் கலக்கவிட்டு மறுபடி வடித்து ஊற்றினால் 71 சதவீதம். மூன்றாவது முறையில் 84. நான்காவது முறை செய்தாலும் 91க்கு மேல் ஏறாது. ஒவ்வொரு முறையும் வடிவதில் நேற்று ஊற்றிய புது எண்ணெயும் சேர்ந்தே போகிறது என்பதால் பலன் குறைந்துகொண்டே வருகிறது. மூன்று முறை என்பது செலவுக்கும் பலனுக்கும் இடையே ஞாயமான இடம். ஹோண்டா மெக்கானிக்குகளிடம் வழக்கத்தில் இருப்பதும் அதுதான்.

இதை இன்னொரு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது. ஒருவர் 20,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, தவறாமல், ஒரே ஒரு வடிப்பு மட்டும் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலப்போக்கில் உள்ளே இருக்கும் எண்ணெய் பல வயதுக் கலவையாகிவிடும். அதன் சராசரி வயது, அடுத்த வடிப்புக்குச் சற்று முன், 20,000ஐ 0.458 ஆல் வகுத்தால் கிடைப்பது: ஏறக்குறைய 43,700 கிலோமீட்டர். வடித்து ஊற்றியதும் அது 23,700 ஆக இறங்கும். எத்தனை ஆண்டு ஓட்டினாலும் இந்த எல்லைக்குள்ளேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஒரு லட்சம் கிலோமீட்டர் மறந்துவிடுவதைவிட, இப்படிச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போவது பழைய கியர்பாக்ஸுக்கு இதமானது என்று நான் நம்புகிறேன். உள்ளே உள்ள உராய்வு ஒரேயடியாக மாறுவதில்லை, கசடும் ஒரேயடியாகப் பெயர்வதில்லை. விளிம்பில் நிற்கும் கிளட்சைப் பற்றிய அந்தப் பயத்துக்கும் இதுவே பதில்.

வேலைக்கு வருவோம். சமதளமான இடம் வேண்டும். ஜாக்கில் தூக்கிய காருக்கு அடியில், ஸ்டாண்டு வைக்காமல், ஒரு நொடிகூடக் கையையோ தலையையோ நீட்டக் கூடாது. சக்கரங்களுக்கு அடைக்கட்டை கட்டாயம். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால் கசடோடு நன்றாக வடியும். ஆனால் நீண்ட தூரம் ஓட்டி நிறுத்திய உடனே திறந்தால் 80, 90 டிகிரியில் கொட்டும், கை வெந்துவிடும். சிறிது தூரம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டுத் தொடங்குவதே சரி.

வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை வெளியே எடுத்துப் பாருங்கள். எண்ணெய் திரும்ப உள்ளே போக வேண்டிய வழி அதுதான். ஊற்றும் வழி திறக்கிறது என்று உறுதியான பிறகே வடிக்கும் வழியைத் திறக்க வேண்டும். எந்தக் காராக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது. அடுத்து, எது கியர்பாக்ஸ் போல்ட் என்று தெரிந்துகொள்வது. எஞ்சின் ஆயில் என்று நினைத்துக் கியர்பாக்ஸை வடித்துவிட்டு, எஞ்சினில் மேலும் நான்கு லிட்டர் ஊற்றியவர்கள் ஹோண்டா உலகில் நிறையப் பேர். எஞ்சின் போல்ட்டுக்கு அறுகோணத் தலை, ஸ்பேனர் போடலாம். கியர்பாக்ஸ் போல்ட்டில் 3/8 அங்குலச் சதுரக் குழி இருக்கும். ராட்செட்டின் முனை சாக்கெட் இல்லாமல் நேரே அதில் பொருந்தும். சந்தேகம் இருந்தால் முதல் சில சொட்டுகளின் நிறமே சொல்லிவிடும்.

போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் உண்டு. அதில் ஒட்டியிருப்பதைத் துடைத்து எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. சாம்பல் நிறத்தில் விழுது போல மெல்லிய தூள் இருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம், கவலையில்லை. ஊசி போன்ற சிம்புகளோ, நகத்தில் உணரக்கூடிய துண்டுகளோ இருந்தால் ஏதோ ஒரு பேரிங்கோ பற்சக்கரமோ உடைந்துகொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் எண்ணெயில் மிதக்கும் கறுப்புத் துகள்கள் கிளட்ச் காகிதத்திலிருந்து வந்தவை. கியர்பாக்ஸைப் பிரிக்காமல் அதன் உடல்நிலையை அறிய இதைவிடச் சுலபமான வழி இல்லை. துடைப்பதற்குப் பட்டறைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் வேண்டாம். வால்வுகளைச் சிக்கவைக்கும் துணுக்கு நூல் அதிலிருந்துதான் உதிரும். நூல் பிரியாத சுத்தமான துணி, புதிதாகக் கழுவி உலர்த்திய புனல், இரண்டும் இருக்கட்டும். டிப்ஸ்டிக்கைத் துடைப்பதற்கும் அதே துணிதான்.

வடிந்ததை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களில் ஊற்றிப் பார்த்தாலே போதும். 2.7 லிட்டருக்கு மிகவும் குறைவாக வந்தால் முன்பே எங்கோ ஒழுகியிருக்கிறது என்று பொருள். போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது புது வாஷர் போட வேண்டும். அது நசுங்கி இடைவெளியை அடைப்பதற்காகவே செய்யப்பட்ட மெல்லிய உலோக வளையம், ஒரு முறைக்குத்தான். இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லையென்றால் கடன் வாங்கியாவது கொண்டுவந்துவிடுங்கள். கியர்பாக்ஸின் உடல் அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், பிறகு மொத்தத்தையும் இறக்க வேண்டிவரும்.

புது எண்ணெயை டிப்ஸ்டிக் துளை வழியாக மெதுவாக ஊற்றுங்கள். எவ்வளவு? வடிந்த அளவுக்குச் சற்றுக் குறைவாக. காரணம் இயற்பியல். எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்தாயிரத்தில் ஏழு எட்டுப் பங்கு விரிகிறது. 25 டிகிரியில் உள்ள 5.9 லிட்டர், 85 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய கால் லிட்டர் கூடிவிடும். சூடாக வடித்ததை அளந்து, அதே அளவு குளிர்ந்த எண்ணெயை ஊற்றினால் சூடானதும் அளவு மிஞ்சும். கடைசித் தீர்ப்பு டிப்ஸ்டிக்கினுடையது, அதுவும் சூடான பிறகு.

டிப்ஸ்டிக் பார்ப்பதிலும் காருக்குக் கார் வேறுபாடு உண்டு. பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பார்க் நிலையில் வைத்து அளவு பார்க்கச் சொல்வார்கள். இந்த ஹோண்டாவில் ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும்வரை சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, ஒரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பம்பு எண்ணெயை இழுத்து மேலே எல்லா அறைகளையும் நிரப்பி வைத்திருக்கும். நிறுத்தியதும் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி மட்டம் உயரும். டிப்ஸ்டிக்கின் கோடுகளை எந்த நிலையைக் கணக்கில் வைத்து வரைந்தார்களோ அந்த நிலையில் பார்த்தால்தான் அளவு பொருள்படும். காலையில் கார் சூடாகும் முன், எஞ்சினை ஓடவிட்டே பார்த்துவிட்டு அரை லிட்டர் கூட ஊற்றுபவர்கள், எண்ணெய் குறைவாக இருந்தால் வரும் அதே கோளாறைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மிஞ்சினால் சுழலும் பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் எண்ணெயோடு காற்று கலக்கிறது. எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். அழுத்தம் தளர்ந்து கிளட்ச் வழுக்கும்.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்குக் காரின் கையேடுதான் விடை. ஹோண்டா பல ஆண்டுகள் 'இசட்1' என்ற தன் சொந்த எண்ணெயை விற்றது. பின்னாளில் அதன் இடத்தில் 'டிடபிள்யூ-1' வந்தது, பழைய கார்களுக்கும் பொருந்தும்படி. எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று டப்பாவில் எழுதிய எண்ணெய்களில் நல்லவையும் உண்டு. ஆனால் உராய்வு எப்படி வேகத்தோடு மாறுகிறது என்பதுதான் இங்கே உயிர்நாடி. அது டப்பாவைப் பார்த்துத் தெரியாது. நடுக்கத்தைப் போக்கும், வழுக்கலை நிறுத்தும் என்று சிறு புட்டிகளில் விற்கும் கலவைகளும் அதே நுட்பமான சமநிலையில்தான் கைவைக்கின்றன. சரியாக ஓடும் கியர்பாக்ஸில் அவற்றை ஊற்ற எந்தக் காரணமும் இல்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளட்ச் பெடல் இல்லாத எல்லாக் கார்களும் ஒரே இனம் அல்ல. இதே சிவிக்கில், அமெரிக்காவில் வந்த 'எச்எக்ஸ்' வகையில், பற்சக்கரங்களுக்குப் பதிலாக எஃகுப் பட்டை ஓடும் சிவிடி வைத்திருந்தார்கள். அந்தப் பட்டை வழுக்காமல் பிடிக்க வேண்டும். ஏடிஎஃப் அதற்குத் தேவையான பிடிமானத்தைத் தராது, சில ஆயிரம் கிலோமீட்டரில் பட்டையும் உருளையும் கோடு விழுந்து கெடலாம். இந்தியாவில் 2014இல் மாருதி செலெரியோவோடு வந்த ஏஎம்டி வேறொரு இனம்: கையால் மாற்றும் சாதாரண கியர்பாக்ஸ்தான், மாற்றும் கை மட்டும் இயந்திரத்தினுடையது. அதற்கு கியர் ஆயில். உங்கள் காரில் இருப்பது எது என்று தெரியாமல் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம்.

முதல் வடிப்பு முடிந்ததும் சில நாட்கள் வழக்கம்போல் ஓட்டலாம். ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் விழ வேண்டும், நெடுஞ்சாலை வேகத்திலும் சிறிது நேரம் போக வேண்டும். அப்போதுதான் டார்க் கன்வெர்ட்டருக்குள் பூட்டிக்கொள்ளும் கிளட்சும் வேலை செய்து, அங்கே தேங்கிய பழைய எண்ணெய் கலக்கும். பிறகு இரண்டாவது, மூன்றாவது வடிப்பு. ஒவ்வொரு முறை வடிந்ததிலும் ஒரு சிறு புட்டி எடுத்துத் தேதி எழுதி வரிசையாக வைத்தால், பழுப்பு படிப்படியாகச் சிவப்பாவதைக் காணலாம். மூன்றாவது புட்டியும் இருண்டே இருந்தால் உள்ளே கிளட்ச் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். கியர்பாக்ஸ் எண்ணெய் வாழ்நாள் முழுவதுக்கும் போதும் என்று விற்கப்படும் புதுக் கார்களுக்கும் எண்ணெய் மாற்றம் தேவைதான். அப்படிப்பட்ட கியர்பாக்ஸ்களைச் செய்யும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. ஆனால் அவற்றில் டிப்ஸ்டிக் இருக்காது. குறிப்பிட்ட வெப்பநிலையில் வழிந்தோடும் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும். அது வீட்டு வாசலில் செய்யும் வேலையல்ல.

மூன்று வடிப்பில் எட்டு லிட்டருக்கு மேல் பழைய எண்ணெய் சேரும். சாக்கடையிலோ, கரையான் மருந்து என்று மரச்சட்டத்திலோ, வேலியோரத்திலோ ஊற்றக் கூடாது. அதில் உலோகத் தூளும் சிதைந்த வேதிப்பொருள்களும் கலந்திருக்கின்றன, நிலத்தடி நீருக்குப் போனால் திரும்ப எடுக்க வழியில்லை. இந்தியச் சட்டம் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரமான கழிவாகவே வகைப்படுத்தியிருக்கிறது. வடிந்த எண்ணெயைச் சேர்த்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. இறுக மூடிய கேனில், கூலன்ட்டோ பெட்ரோலோ கலக்காமல், அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.